பூட்ஸ் கயிறு கட்டும்போது வந்த பயம்

நான் போலீஸ்காரன். எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் வேலை பார்த்தபோது, காலையில் குனிந்து பூட்ஸ் கயிறு கட்டினால் போதும், நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். சட்டை தொப்பலாக நனைந்துவிடும். தலை வலி தாங்காது. கால் மணி நேரத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி எல்லாம் அடங்கிவிடும்.

அடங்கிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனால் ரத்த அழுத்தம் சரியாக இருக்கும். மனப்பயம் என்று மாத்திரை எழுதித் தந்தார்கள். ஸ்டேஷனில் ஏட்டையா, "ஏலே, பந்தோபஸ்துன்னாலே ஒனக்கு நெஞ்சு அடிச்சிருதே. பேசாம மாடு மேய்க்கப் போ" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. செத்தாலும் பரவாயில்லை, பயந்தாங்கொள்ளி என்ற பேரோடு சாகக் கூடாது என்று இருந்தேன்.

என் மனைவி செல்லத்தாய்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"எப்ப வருது?" என்று கேட்டார் டாக்டர்.

"பூட்ஸ் கட்டும்போது."

"அப்ப நாளைக்கு அதக் கொண்டாங்க. இங்கயே உக்காந்து கட்டுங்க."

மறுநாள் என் கையில் அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றிவிட்டுக் குனியச் சொன்னார். இரண்டாவது பூட்ஸுக்குப் போவதற்குள் வந்துவிட்டது. பாதரசம் ஏறியதைப் பார்த்து, உடனே என்னைப் படுக்க வைத்தார்.

"இது பயமில்லங்க. பயந்தா ஒடம்புல சுரக்குறது, ஒங்களுக்குப் பயமில்லாமலே சுரக்குது. உள்ள கட்டி இருக்கும்னு நெனைக்கேன்."

கட்டி என்றதும் சந்தோஷப்பட்ட ஆள் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். செல்லத்தாய் அழுதாள்.

சோதனையைக் கெடுத்துவிடும் என்று காப்பி, வாழைப்பழம் எல்லாம் நிறுத்தி, ஒரு நாள் முழுக்கச் சிறுநீரைக் கேனில் பிடித்து மதுரைக்குக் கொண்டுபோனோம். அதில் சுரப்பு அதிகம் என்று தெரிந்தது. பிறகு ஸ்கேன் (உடம்பை அடுக்கடுக்காகப் படம் எடுப்பது). வலது அட்ரினல் சுரப்பியில் (சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருப்பது) எலுமிச்சை அளவில் கட்டி. பேர் ஃபியோகுரோமோசைட்டோமா. உடனே அறுக்கவில்லை. மாத்திரையால் அழுத்தத்தை அடக்கிய பிறகே அறுத்தார்கள். உங்களுக்கும் இப்படி என்றால் அந்தக் காத்திருப்புக்குச் சலித்துக்கொள்ளாதீர்கள். உயிர் அதில்தான் இருக்கிறது.

அறுத்த பிறகு நெஞ்சு அடங்கியது. ஆனாலும் அடுத்தது எப்போது வருமோ என்று பல மாதம் காத்திருந்தேன். ஒருநாள் அந்தக் காத்திருப்பும் மறந்துபோயிருந்தது.

சில வருஷம் கழித்து, என் மகள் பிரசவ வலியோடு உள்ளே இருந்தாள். வெளியே பெஞ்சில் எனக்கு அதே படபடப்பு, அதே வேர்வை. கட்டி திரும்பிவிட்டதோ என்று நர்ஸிடம் கையை நீட்டினேன்.

"பிரஷர் கொஞ்சந்தான் கூட இருக்கு. மகள நெனச்சு வருது" என்றார்.

செல்லத்தாய் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "ஏட்டி, எனக்குப் பயமா இருக்கு" என்றேன். கல்யாணமானதிலிருந்து அந்த வார்த்தையை அவளிடம் நான் சொன்னதே இல்லை.

"எனக்குந்தான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.