பேர் அழிந்த ஸ்பேனர்

சனிக்கிழமை காலை ஆறேகாலுக்குக் கண்டியில் ஹட்டன் பஸ் ஏறினேன். எழுபது கிலோமீட்டர் சொச்சம். கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக மூன்று மணி நேரம். ஜன்னலோர இடம் கிடைத்தும் மலையைப் பார்க்க மனம் போகவில்லை. மடியில் ஒரு தகரப் பெட்டி. அதில் ஏழு பழைய ஸ்பேனர்கள். எட்டாவதற்கான இடம் மட்டும் காலி.

பழைய கைக்கருவிகளைத் தேடிப் பிடித்து, துரு நீக்கி, எண்ணெய் பூசி வைப்பது என் பைத்தியம். "நான் ஒரு ஸ்பேனராப் பிறந்திருந்தா தினமும் துடைச்சாவது வச்சிருப்பீங்க" என்பாள் என் மனைவி. இந்தப் பெட்டி அந்தக் காலத்தில் தேயிலை இயந்திரங்களோடு சீமையிலிருந்து வந்தது. செய்த கம்பெனியின் பெயர் ஒவ்வொரு ஸ்பேனரின் தண்டிலும் பொறித்திருக்கும். அதை வைத்துத்தான் இந்தப் பெட்டியைச் சேர்ந்ததா என்று சொல்ல முடியும். பெயர் இல்லையென்றால் வெறும் இரும்பு.

எட்டாவது, ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் ஆரோக்கியம் என்ற, இயந்திரம் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற பிட்டரிடம் இருப்பதாகப் பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர் சொன்னார். போன வாரம் ஆரோக்கியத்துக்குப் போன் பண்ணினேன். "அதுல யார் பேர் இருக்குண்ணே? பேர்தான் முக்கியம்" என்றேன். "பாத்து வைக்கிறேன் சார்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

ஒன்பதரைக்கு ஹட்டன். ஒரு டீயும் இரண்டு வடையும் முடித்துத் தோட்டத்து பஸ்ஸில் நெருக்கியடித்து ஏறினேன். பக்கத்தில் மரக்கறிப் பையோடு ஓர் அம்மா.

"பெட்டியில என்னாங்க?"

"ஸ்பேனருங்க."

"ஸ்டோருல மிசினு ஒடஞ்சிருச்சா?" ஸ்டோர் என்றால் இங்கே தேயிலைத் தொழிற்சாலை.

"இல்லைங்க, இன்னொரு ஸ்பேனரைப் பார்க்கப் போறேன்."

"பொண்ணு பாக்கப் போறாப்புல போறீங்களே!" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். மாப்பிள்ளைப் படபடப்பு உண்மையாகவே இருந்தது.

பதினொரு மணிக்கு அவர் இருக்கும் லயத்தை, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, கண்டுபிடித்தேன். ஆரோக்கியத்தின் மனைவி மேரியம்மா தேத்தண்ணி கொடுத்தார். ஆரோக்கியம் வெள்ளைத் துணியில் சுற்றியதை எடுத்து வந்து விரித்தார். அதே நீளம், அதே வளைவு, அதே வாய். தண்டைத் திருப்பினேன். கண்ணாடி மாதிரி பளபளத்தது.

"பேர் எங்கண்ணே?"

"அதத்தான் சார் ரெண்டு நாளா அரம் போட்டு எடுத்தேன். இப்ப யாரு பேரும் இல்ல. தைரியமா கொண்டு போங்க."

மேரியம்மாதான் விளக்கினார்: "யாரு பேருன்னு நீங்க கேட்டதுலருந்து இவருக்குத் தூக்கமே இல்ல தம்பி. ஸ்டோரு சாமான்ல எல்லாம் தோட்டத்துப் பேரு அடிச்சிருப்பாங்க. எங்களுக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. இதுவும் அதுதான்னு பயந்துட்டாரு."

"பழைய இரும்ப ஏலம் விட்டப்ப காசு குடுத்து வாங்கினது சார். சொன்னா யாரு நம்புவாங்க?" என்றார் ஆரோக்கியம்.

கோபம் வந்தது. முதலில் அவர்மேல், பிறகு என்மேல். 'எந்தக் கம்பெனி செய்தது' என்று கேட்டிருந்தால் அந்தப் பெயர் பிழைத்திருக்கும். அவரும் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். ஸ்பேனரைப் பெட்டியில் வைத்தேன், கச்சிதமாக உட்கார்ந்தது. இதைச் சேர்ந்ததுதான் என்று இனி யாரிடமும் நிரூபிக்க முடியாது. அழிந்தது என்ன பெயர் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. அவர் கேட்ட விலையைக் கொடுத்தேன்.

கிளம்பும்போது மனம் கேட்கவில்லை. பழைய கருவியில் புதிதாக எதையும் பொறிப்பது பழங்கருவி சேர்க்கும் எங்கள் கூட்டத்தில் மகா பாவம். இருந்தாலும் சொன்னேன்: "இந்த இடத்துல உங்க பேரை அடிச்சுக் குடுங்கண்ணே. உங்க ஞாபகமா இருக்கட்டும்."

அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஐயோ வேணாம் சார்! நாளைக்கு இது எங்கயாச்சும் காணாமப் போனா, என்னையில்ல தேடி வருவாங்க."

இருட்டும் நேரத்தில் கண்டி வந்து, கருவிகளை வைத்திருக்கும் என் கடையைத் திறந்தேன். சுவரில், இழுப்பறைகளில், தண்ணீர் வாளியில்கூடச் சிவப்புப் பெயின்டில் என் பெயர். எவனாவது திருடிவிடுவானோ என்ற பயத்தில் எழுதியது. பெயர் இருந்தால் தன்னையே திருடன் என்பார்களோ என்று அரத்தை எடுத்த மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.