பின்னாலிருந்து ஒரு தடவை

"அதெல்லாம் சரி, இப்ப அதையே பின்னாலேருந்து சொல்லுங்க" என்கிறார் அந்தப் பெண்மணி தொலைபேசியில். மறுமுனையில் இருப்பவர் ஏதோ ஒரு கல்லூரியின் எழுத்தர். ஏழு இலக்க எண்ணை இப்போதுதான் முன்னாலிருந்து மூச்சு விடாமல் சொல்லி முடித்திருக்கிறார். அதைக் கடைசி இலக்கத்திலிருந்து திருப்பிச் சொல்லச் சொன்னால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? "எதுக்கு மேடம்?" என்று கேட்டுவிட்டார் பாவம். "முன்னாலேருந்து சொல்றப்ப வாய் சொல்லும். பின்னாலேருந்து சொல்றப்பதான் கண்ணு சொல்லும்."

உயர்கல்விப் புள்ளிவிவர அலுவலகத்தில் இவருக்குத் 'தலைகீழ் அக்கா' என்று பெயர் விழுந்தது இதனால்தான். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். இப்போது நேருக்கு நேராகவே கூப்பிடுகிறார்கள், அவரும் திரும்பிப் பார்க்கிறார். வயது நாற்பத்தாறு. கண்ணாடி எப்போதும் தலைமேல்தான் இருக்கும், தேடுவதோ மேசை முழுக்க. ஏழு எழுதினால் அதன் இடுப்பில் ஒரு குறுக்குக்கோடு போடாமல் விடமாட்டார். போடாவிட்டால் அது ஒன்று மாதிரி ஏமாற்றுமாம்.

அவர் மேசைக்குப் பக்கத்துச் சுவரில் கட்டம் போட்ட ஒரு பெரிய தாள் ஒட்டியிருக்கிறது. பதினான்கு வருஷமாக அதில் பென்சிலால் கோடு இழுத்து வருகிறார். நூறு பேரில் பதினாறு பேர் கல்லூரிக்குப் போன காலத்தில் தொடங்கிய நீலக்கோடு, இன்று முப்பத்தொன்பதில் நிற்கிறது. பெண்களின் கோடு ஆண்களின் கோட்டைத் தாண்டிய வருஷம் மாடி முழுவதற்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். "என்ன விசேஷம், வீட்டுல கல்யாணமா?" என்று கேட்டவர்களை இழுத்துவந்து சுவரைக் காட்டினார். ஆனால் அவர் கண் எப்போதும் அடியில் ஓடும் சிவப்புக்கோட்டின் மேல்தான். சேர்ந்துவிட்டுப் பாதியில் நின்றவர்களின் கோடு அது. "சேர்றது என்ன பெரிய விஷயம்? வாசலைத் தாண்டி உள்ள வந்துட்டா ஆச்சா? முடிச்சிட்டு வெளிய வரணும்ல!" அந்தக் கோடு இறங்கினால் அன்றைக்கு அவர் நடையே வேறு மாதிரி இருக்கும்.

இந்த வருஷம் இறங்கவில்லை. மாலை நேரக் கல்லூரிகளில் சேர்ந்த ஆறாயிரம் பேரில் இரண்டாயிரத்து நானூற்று அறுபது பேர் நின்றுவிட்டதாகப் பட்டியல்கள் சொல்லின. நூற்றுக்கு நாற்பத்தொன்று. மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ நின்றிருந்தால் மாலை வகுப்புகளை எடுத்துவிட்டு, இருப்பவர்களைப் பகல் வகுப்பில் சேர்த்துவிடுவது என்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. அட்டவணை வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு அச்சுக்குப் போகவேண்டும்.

 அக்கா வீட்டிலேயே ஒரு மாலைக் கல்லூரி மாணவி இருக்கிறாள். நாத்தனார். முப்பத்துமூன்று வயது, துணி ஆலையில் வேலை, இரண்டு வருஷம் முடிந்து இன்னும் ஒரே ஒரு வருஷம் பாக்கி. பகல் வகுப்பு என்றால் வேலையை விடவேண்டும், இல்லையென்றால் படிப்பை விடவேண்டும். "எதை விடறதுன்னு என்னைக் கேக்காதீங்க அண்ணி" என்று அவள் ஒருநாள் சொன்னதிலிருந்து அந்தப் பேச்சையே வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

புதன்கிழமை காலை. நின்றவர்களின் பட்டியலைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்துவந்த அக்காவின் விரல் ஓரிடத்தில் நின்றது. ஐந்து எட்டு ஒன்று நான்கு ஏழு இரண்டு ஒன்பது. தெரிந்த எண். நாத்தனாரின் பள்ளிச் சான்றிதழ் எண்!

"அட பாவிங்களா!" என்று அவர் போட்ட சத்தத்தில் அடுத்த அறையிலிருந்த இயக்குநரே எழுந்து வந்துவிட்டார். "காலையில என் எதிர்ல உக்காந்து சத்தம் போட்டுப் படிச்சவ சார்! படிப்பை விட்டுட்டாள்னு எழுதியிருக்காங்க!"

யோசிக்க ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை. போன வருஷம் ஆலையில் ஷிஃப்ட் மாறியதும், ஐந்து மணிக்குத் தொடங்கும் கல்லூரியை விட்டு, ஏழு மணிக்குத் தொடங்கும் வேறு கல்லூரிக்கு மாறினாள். பழைய கல்லூரி 'போய்விட்டார்' என்று எழுதியது. புதிய கல்லூரி 'வந்திருக்கிறார்' என்று எழுதியது. போனவளும் வந்தவளும் ஒருத்திதான் என்று யாரும் எழுதவில்லை. அதற்குப் படிவத்தில் இடமே இல்லை.

"அப்படின்னா இவ ஒருத்தி மட்டுமா இருப்பா?" என்றார் அக்கா. போனவர் பட்டியலையும் வந்தவர் பட்டியலையும் சான்றிதழ் எண்ணை வைத்துக் கணினியில் ஒப்பிட்டார். அன்று மாலைக்குள் முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பேர் கிடைத்தார்கள். தொலைந்ததாக நினைத்த சாவிக்கொத்து சட்டைப்பையிலேயே கிடைத்த மாதிரி ஒரு சந்தோஷம் அவருக்கு. "காணாமப் போகலை சார், வேற வாசல் வழியா உள்ளதான் இருக்காங்க!"

இயக்குநர் நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். "கடைசி நேரத்துல கிளறாதீங்கம்மா" என்று முதலில் சொன்னார். அப்புறம் அவரே கணக்குப் போட்டுப் பார்த்தார். நின்றவர்கள் இரண்டாயிரத்துக்குக் கீழே வந்தால் போதும், மாலை வகுப்புகள் பிழைக்கும். அதற்கு நானூற்று அறுபத்தொரு பேர் வேண்டும். இன்னும் அறுபத்துமூன்று. அதன் பிறகு அவரும் அறைக்குள் போகவில்லை.

பெயரும் பிறந்த தேதியும் பொருந்தி, சான்றிதழ் எண் மட்டும் பொருந்தாத எழுபத்தொரு பேர் இருந்தார்கள். ஒவ்வொருவருக்காகவும் கல்லூரிக்குத் தொலைபேசி, அசல் சான்றிதழின் நகலை எடுக்கவைத்து, முன்னாலிருந்து ஒரு தடவை, பின்னாலிருந்து ஒரு தடவை. நாத்தனாரும் அந்த எழுபத்தொன்றில் இருந்தாள். அவளைப் பட்டியலின் கடைசியில் வைத்தார் அக்கா. "வீட்டு ஆளை முதல்ல எடுத்தா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க." ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு தாள். அதில் 'பிழை யாருடையது' என்று ஒரு கட்டம். பெரும்பாலும் 'கல்லூரி எழுத்தர்' என்றுதான் வந்தது. அக்கா ஒவ்வொரு தடவையும் உச்சுக் கொட்டினார். "ஒரு தரம் பின்னாலேருந்து படிச்சிருந்தா இந்தப் பாடு உண்டா?"

வியாழன் முழுக்க அதே வேலை. சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து வைத்தபடியே மறந்துபோனார். மாடியில் இருந்தவர்கள் கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோல எட்டிப் பார்த்து "எவ்வளவு ஆச்சு?" என்றார்கள். வெள்ளி நாலரை மணிக்கு நானூற்று அறுபது. எட்டுப் பேர் மட்டும் பெயரும் தேதியும் ஒத்துப்போன வேறு ஆட்கள், அதாவது பட்டியலில் இருந்தவர்கள் உண்மையாகவே நின்றவர்கள். அப்படி ஒவ்வொருவராகத் தெரியவந்தபோதெல்லாம் அக்காவின் முகம் சுண்டியது. இயக்குநர் துள்ளாத குறைதான். "ஒண்ணுதான்மா பாக்கி. அந்த எட்டுல ஒண்ணு..."

"சார்!"

"சரி சரி, சும்மா சொன்னேன்."

மீதியிருந்தது ஒரே பெயர். ஏழு மணிக் கல்லூரியின் எழுத்தர் கோப்பை எடுத்துவர ஏழு நிமிஷம் எடுத்துக்கொண்டார். அக்காவைச் சுற்றி ஆறேழு பேர் நின்றார்கள். தொலைபேசியில் ஒலிபெருக்கியைப் போட்டாயிற்று.

"சான்றிதழ் நகல்ல அஞ்சு எட்டு ஒண்ணு நாலு ஏழு ரெண்டு ஒம்பது மேடம். விண்ணப்பத்துல ரெண்டு ஏழுன்னு மாத்தி எழுதியிருக்கு. நாங்க விண்ணப்பத்தைப் பார்த்துத்தான் ஏத்தினோம்."

"பின்னாலேருந்து?"

சொன்னார். சரியாக இருந்தது. நானூற்று அறுபத்தொன்று! யாரோ மேசையைத் தட்டினார்கள், யாரோ விசில் அடித்தார்கள். இயக்குநர் அடித்தவரைத் திட்டக்கூட இல்லை.

"ஆனா மேடம்" என்றார் எழுத்தர், அவருக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது, "விண்ணப்பத்துல கையெழுத்து முத்து முத்தா இருக்கு. இவ்வளவு அழகா எழுதுற ஆளு எப்படித் தப்பு பண்ணாங்களோ! ஏழுக்கு நடுவுல குறுக்குக்கோடு கூட போட்டிருக்கு."

 எல்லார் கண்ணும் சுவரில் இருந்த தாளுக்குப் போனது, அதிலிருந்த ஏழுகளுக்குப் போனது, பிறகு அக்காவிடம் வந்தது.

போன வருஷம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அந்த விண்ணப்பத்தை நிரப்பியது அவர்தான். "வீட்டு ஆளுதானே, எண்ணு எனக்கு மனப்பாடம்" என்று மளமளவென்று எழுதிக் கொடுத்தார். அக்கா இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "இந்த ரெண்டு நாளா ஊர்ல இருக்குற எழுத்தரையெல்லாம் திட்டித் தீர்த்துட்டேனே சார்!"

ஐந்து மணிக்கு இன்னும் எட்டு நிமிஷம்தான் இருந்தது. அச்சகத்துக்காரர் வாசலில் நின்றிருந்தார். இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கட்டத்துல 'மாணவர்'னு போட்டு முடிங்க. கடைசியா கிடைச்ச ஒரு ஆளு, உங்க வீட்டு ஆளு, தப்பும் உங்க தப்பு. நாளைக்கு எவனாவது நோண்டினா என்ன ஆகும்?"

"நோண்டட்டும் சார். அங்க போய்ப் பார்த்தா அவ வகுப்புல உக்காந்திருப்பா. அவ எழுதலை, நான் எழுதினேன்."

'பிழை யாருடையது' என்ற கட்டத்தில் 'இந்த அலுவலக ஊழியர்' என்று எழுதினார். கீழே தன் ஊழியர் எண்ணை எழுதினார், அதில் இருந்த ஏழுக்கும் ஒரு குறுக்குக்கோடு போட்டார். தாளுக்காக இயக்குநர் கையை நீட்டினார். அக்கா கொடுக்கவில்லை. தலைமேலிருந்த கண்ணாடியைத் தேடாமலே எடுத்து மாட்டிக்கொண்டு, அந்த எண்ணின் கடைசி இலக்கத்தின் அடியில் விரலை வைத்து, பின்னாலிருந்து ஒவ்வொன்றாக, சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்.