மதினியைக் காக்க வைத்த மதியம்

சொந்தக்காரர் வீடு இருக்கிற ஊரில் போய் ஓட்டலில் தங்குவது, எங்கள் பக்கத்தில், அந்த வீட்டு வாசலில் நின்று காறித் துப்புவதற்குச் சமம். தெரிந்துதான் செய்தேன். தரங்கம்பாடியில், கடலைப் பார்த்த மாடி அறை, மூன்று நாளைக்கு. என் மதினி, அதாவது கணவரின் அக்கா, வீடு அங்கிருந்து நடந்து போகிற தூரம்.

என் கோபம் புரிய வேண்டுமென்றால் முதலில் தென்காசியில் சீசன் நேரத்தில் வீடு வைத்திருப்பது எப்படிப்பட்ட பாக்கியம் என்று சொல்ல வேண்டும். ஆனி பிறந்ததும் போன் அடிக்கத் தொடங்கும். யாரும் சுகமா என்று கேட்பதில்லை. "அருவியில தண்ணி விழுதா?" என்பார்கள். விழுகிறது என்றால் அந்தச் சனிக்கிழமையே வேன் வந்து நிற்கும். எண்ணெய் தேய்த்துக்கொண்டு மெயினருவிக்கும் ஐந்தருவிக்கும் போவார்கள். சாரலில் எதுவும் காயாது. கூடம் முழுக்கக் கொடி கட்டி ஈரத் துண்டுகளும் டவுசர்களும் தொங்கும், அதற்கடியில் குனிந்து குனிந்து நான் நடப்பேன். குற்றாலத் தண்ணீரில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவனுக்கு என்ன பசி பசிக்கும் என்பது சமைத்துப் போட்டவளுக்குத்தான் தெரியும். சில வருடம், "பாறையெல்லாம் காய்ஞ்சு கெடக்கு" என்று பொய் சொல்லிப் பார்த்தேன். இப்போது யாராவது அருவிக்கரையில் நின்று வீடியோ போட்டுவிடுகிறார்கள். பொய்க்கும் வழியில்லாமல் போயிற்று.

எல்லோரையும்விட ஒழுங்காக வந்தது மதினி குடும்பம். மகன் கல்லூரி வேலைக்குப் போன பிறகு குடும்பத்தோடு தரங்கம்பாடியில் குடியேறிவிட்டார்கள். அவ்வளவு தூரத்திலிருந்தும் வருடம் தவறாமல் வந்தார்கள். மரியாதைக்காக மதினியை அவர் என்று எழுதுகிறேன். மனசுக்குள் ஒன்பது வருடமாக அவள், இவள்தான்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஓர் ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை. மதினி வீட்டுக்காரரோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர் அருவிக்குப் போயிருந்தார்கள். முழங்கால் வலி என்று மதினி வீட்டில் இருந்தார். சளி பிடித்திருந்ததால் என் கணவரும் போகவில்லை. முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். காலை பத்து மணி இருக்கும். கடையத்திலிருந்து என் தம்பி போன் செய்தான்.

"அக்கா, அம்மாவுக்கு மூச்சு வாங்குது. ஒன்னியதான் கேக்குதா. ஒடனே வா."

தென்காசியிலிருந்து கடையம் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. கையைக் கழுவிவிட்டு நேரே முன்னறைக்குப் போயிருக்க வேண்டியவள் நான். போகவில்லை. அந்த வீட்டில் விருந்தாளிகள் இருக்கும்போது நானும் கணவரும் நேருக்கு நேர் நின்று பேசுகிற வழக்கம் இல்லை. எது சொல்வதானாலும் மூத்த நாத்தனார் வழியாகத்தான் போகும். என் மாமியார் ஏற்படுத்திய சட்டம்; அவர் போன பிறகும் அது போகவில்லை.

"மதினி, அவுககிட்ட சொல்லுங்க. ஆட்டோ பிடிச்சு இப்பவே கடையம் போகணும்" என்றேன்.

மதினி எழுந்து போனார். திரும்பி வந்து, என் முகத்தைப் பார்க்காமல் அருவாமனையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏட்டி, சாப்பாட்டைப் போட்டுட்டுப் போ. ஒண்ணும் ஆயிராது."

சொல்லிவிட்டு அவரைக்காய் நறுக்க ஆரம்பித்தார். நான் பிடிவாதம் பிடித்திருக்கலாம். வாசலைத் தாண்டி ஓடியிருக்கலாம். ஓடவில்லை, உலையில் அரிசியைப் போட்டேன். என்மேல் எனக்கு இருந்த ஆத்திரத்தையும் பின்னால் சேர்த்து மதினி தலையில்தான் கொட்டினேன்.

அருவிக்குப் போனவர்கள் ஒன்றரை மணிக்கு வந்தார்கள். இரண்டு பந்தி. ரசம் இன்னொரு தடவை கேட்டார்கள், அப்பளம் இன்னும் இரண்டு பொரிக்கச் சொன்னார்கள். மூன்று மணிக்குக் கணவர் பைக்கை எடுத்தார். கடையத்தில் அம்மாவை முன்கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். இரண்டு மணிக்குப் போயிருக்கிறாள். வாசலில் நின்ற என் தம்பி ஒன்றே ஒன்று கேட்டான்.

"விருந்து முடிஞ்சுதாக்கா?"

அதற்குப் பிறகு அவன் என்னிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. நல்லது கெட்டதுக்கு வருவான், தலையாட்டுவான், போய்விடுவான். எனக்கென்று பிறந்த வீட்டில் மிச்சம் இருந்தது அவன் ஒருத்தன்தான். மதினியைக் கூட்டிக்கொண்டு போய் அவன் முன்னால் நிறுத்தி, "நான்தான் போகவிடலை" என்று சொல்ல வைக்க வேண்டும். அதற்காகத்தான் நான் உயிரோடு இருப்பதாகக்கூடச் சில நாள் நினைத்ததுண்டு.

அதன் பிறகு மதினி சீசனுக்கு வரவே இல்லை. மனசாட்சி குத்துகிறது போல, குத்தட்டும் என்று சந்தோஷப்பட்டேன். அது போதவில்லை. சமைக்கும்போது, துணி மடிக்கும்போது, டிவி பார்க்கும்போதெல்லாம் அவரைத் திட்டினேன். என் கணவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசியதில்லை. கூடப் பிறந்த அக்காவை இப்படிப் பேசுகிறாளே என்று ஒருநாள்கூடக் கோபப்பட்டதில்லை. காலையில் அவரே காப்பி போட்டுக் கொண்டுவந்து தருவார். எவ்வளவு தங்கமான மனுஷன் என்று நானே அக்கம்பக்கத்தில் பெருமையடித்திருக்கிறேன்.

இந்த வருடச் சீசனில் அருவியில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தபோது வீட்டைப் பூட்டினேன். தரங்கம்பாடியில் அறை சொல்லியாயிற்று என்றதும் அவர் திகைத்தார்.

"அங்கன அக்கா வீடு இருக்கே."

"இருக்கட்டும்."

பிறகு ரயில் டிக்கெட் எடுக்கப் போனார்.

காலையில் ஏறினால் மயிலாடுதுறையில் இறங்கச் சாயங்காலம். அங்கிருந்து கார். டேனிஷ்காரர்கள் ஒரு காலத்தில் அந்த ஊரைச் சுற்றி மதில் எழுப்பியிருந்தார்களாம். மதிலில் பெரும்பகுதி போய்விட்டது. ஊருக்குள் நுழைகிற வாசல் மட்டும் வெள்ளையடித்து நிற்கிறது. அதற்குள் கார் நுழைந்ததும் இரண்டு பக்கமும் பழைய மாதாகோயில்கள், கனத்த தூண் வைத்த வீடுகள், தெருக்கோடியில் கடல், மணலில் மஞ்சள் பூசின கோட்டை. எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது ஊரின் அளவுதான். கால் மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். அப்படிப்பட்ட ஊரில் யார் வந்தார்கள், எங்கே இறங்கினார்கள் என்பது ஒளிக்க முடியாத விஷயம். மதினியின் சம்பந்தி வீடும் அங்கேதான்.

உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த ஓட்டலில் எனக்குச் சுகமாகத்தான் இருந்தது. அருவிச் சத்தம் கேட்டே பழகினவளுக்குக் கடல் சத்தம் வேறு மாதிரி. நடுநடுவே நிறுத்தி நிறுத்தி இரைந்தது. உப்புக் காற்றில் தலைமுடி பிசுபிசுத்தது. காலையில் கீழே இறங்கினால் யாரோ சுட்ட இட்லியை யாரோ கொண்டுவந்து வைத்தார்கள். கல்யாணமாகி முப்பத்து நான்கு வருடத்தில், சீசன் நேரத்தில் நான் உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டது அன்றுதான்.

சாப்பிட்டதும் பால்கனியில் நின்று, கோட்டையும் கடலும் தெரிய ஒரு படம் எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். "தரங்கம்பாடி. ரூம் அருமை" என்று எழுதினேன். பத்து நிமிடத்தில் கணவரின் போன் அடித்தது. எடுக்கக்கூடாது என்றேன். எடுக்கவில்லை.

மதினி ஒரு மணிக்கு வந்தார். அந்த வெயிலில், எழுபது வயதில், முழங்காலை இழுத்து இழுத்து, கையில் நான்கு அடுக்குத் தூக்குச்சட்டியோடு. நாங்கள் அப்போதுதான் இலை முன்னால் உட்கார்ந்திருந்தோம். வரவேற்பில் இருந்த பெண் வந்து, உங்களைப் பார்க்க ஓர் அம்மா வந்திருக்கிறார்கள் என்றாள்.

"நாங்க சாப்பிட்டு முடிக்கணும். உக்காரச் சொல்லுங்க" என்றேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மதினி தெரிந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்தார். நான் சோற்றைப் பருக்கை பருக்கையாகச் சாப்பிட்டேன். மீனில் முள் பார்த்துப் பார்த்து எடுத்தேன். ரசம் இன்னொரு தடவை கேட்டேன். அப்பளம் கேட்டேன். பொரிக்க நேரமாகும் என்றார்கள், பரவாயில்லை என்றேன். ஒன்பது வருடத்தில் எந்தச் சாப்பாடும் அவ்வளவு ருசித்ததில்லை. கணவர் இலையில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நடுவில் எழுந்திருக்கப் பார்த்தார்.

"உக்காருங்க" என்றேன். உட்கார்ந்தார்.

முக்கால் மணி நேரம் கழித்துக் கை கழுவிவிட்டு வெளியே போனோம். மதினி எங்களைக் கண்டதும் எழுந்திருக்க முயன்றார், முழங்கால் விடவில்லை.

"என்னட்டி இது. வீடு இருக்க, இங்கன வந்து கெடக்கியே. எம் மருமக முன்னால நான் எப்படி நிமிந்து நிப்பேன்? ஒனக்குப் பிடிக்கும்னு கூட்டாஞ்சோறு வச்சுக் கொண்டாந்தேன்."

நான் நின்றபடியே பேசினேன். நிதானமாகத்தான் பேசினேன், எத்தனையோ தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்த பேச்சு அது.

"முக்கா மணி நேரம் உக்காந்திருக்கீங்க மதினி. கஷ்டமா இருக்குல்லா? எங்கம்மா நாலு மணி நேரம் வாசலைப் பாத்துட்டுக் கெடந்தா. சாப்பாட்டைப் போட்டுட்டுப் போன்னு சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா? கடையத்துக்கு வாங்க. எந் தம்பிகிட்ட வந்து, நான்தான் சொன்னேன்னு சொல்லுங்க. அதுக்கப்புறம் ஒங்க வீட்டுல வந்து நான் கை நனைக்கேன்."

மதினி என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற தன் தம்பியை, என் கணவரைப் பார்த்தார்.

"ஏலே, நீ இவகிட்ட சொல்லவே இல்லையாலே?"

மதினி என் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு நான் இவங்கிட்டப் போயி, ஆட்டோவைக் கூப்பிடுலே, புள்ள போகட்டும், சோத்தை நான் வடிச்சுக்கிடுதேன்னுதாம்ட்டி சொன்னேன். இவன்தான், 'அத்தான் பசி தாங்க மாட்டாக, வாரப்ப இலை போடலைன்னா மரியாதையா இருக்காது, போட்டுட்டுப் போகச் சொல்லு, ஒண்ணும் ஆயிராது'ன்னான். நான் அதை ஒங்கிட்ட வந்து சொன்னேன். அதான் நான் செஞ்ச பாவம்."

"ஏன் மதினி அப்பவே சொல்லல?"

"அந்தத் துக்கத்துல இவன் சொன்னான்னு தெரிஞ்சா நீ இவன்கூட வாழ்வியா? நான் ஊருக்குப் போயிருவேன். என்னையப் பேசிட்டுப் போகட்டும்னு விட்டேன். ஒருநாள் இவனே சொல்லுவான்னு பாத்தேன். ஆனா நீ பேசுன பேச்சு கொஞ்ச நஞ்சமில்லட்டி, எல்லாம் எங்காதுக்கு வந்துச்சு. அதுல எனக்கும் கோவம்தான். அதான் ஒன் வீட்டு வாசப்படி மிதிக்கல."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு, "சாதாரண மூச்சுத் திணறல்னு நெனச்சேன்" என்றார்.

ஒன்பது வருடம். ஒவ்வொரு காலையும் அவர் கொண்டுவந்து தந்த காப்பியை நான் குடித்திருக்கிறேன். என் அம்மாவைச் சாகவிட்டாள் என்று மதினியைத் திட்டித் தீர்த்துவிட்டு, சாகவிட்ட ஆளின் பக்கத்திலேயே திரும்பிப் படுத்துத் தூங்கியிருக்கிறேன். அந்த இடத்தில் அவரை அறைய வேண்டும்போல இருந்தது. வெட்கமும் வந்தது, காக்க வைக்க வேண்டிய ஆளைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்து, பாவம் ஒரு கிழவியை வெயிலில் நடக்கவிட்டிருக்கிறேன். மதினியின் காலைத் தொட்டேன். "சரி, எந்திரி. கூட்டாஞ்சோறு ஆறுது" என்றார்.

மீதி இரண்டு நாளும் நான் மதினி வீட்டில் இருந்தேன். கடலைப் பார்த்த அறையில் கணவர் மட்டும் இருந்தார். ஊர் பார்த்தது. பார்க்கட்டும் என்று மதினியும் நானும் விட்டுவிட்டோம்.

தென்காசி திரும்பிய மறுநாள் காலையில் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் அவரைக் கடையத்துக்குக் கூட்டிப்போனேன். தம்பி முற்றத்தில் பல் விளக்கிக்கொண்டிருந்தான். அவன் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னார். இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஒன்றையும் ஒளிக்கவில்லை. தம்பி வாயைக் கொப்பளித்துத் துப்பினான். துண்டால் முகத்தைத் துடைத்தான். என்னைப் பார்த்தான். அழுதுவிடுவான் என்று நினைத்தேன். ஆனால் அவன் அவர் பக்கம் திரும்பினான்.

"விடுங்கத்தான், நடந்தது நடந்துபோச்சு. வெயில்ல நிக்கியளே, உள்ள வாங்க." உள்ளே பார்த்து மனைவியிடம் குரல் கொடுத்தான். "ஏட்டி, அத்தான் வந்திருக்காக. சாப்பாட்டுக்குப் பாரு."

என்னை ஒன்பது வருடம் வாசலிலேயே நிறுத்தி வைத்தவன், வீட்டு மாப்பிள்ளையை ஒன்பது நிமிடம் நிற்கவிடவில்லை. அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு, உள்ளே போய்த்தான் உட்கார்ந்தார்.

நான் நேராக அடுக்களைக்குப் போனேன். தம்பி மனைவி உலை வைத்திருந்தாள். அடுப்பை அணைத்தேன்.

"இன்னைக்கு இந்த வீட்டுல அவுகளுக்குச் சோறு கிடையாது" என்றேன், முன்கூடத்தில் இருவருக்கும் கேட்கும்படி.