மேல்ஷெட்டில் ஒரு ராத்திரி தங்க வந்தவர்கள்

மலையேற வருகிறவர்களுக்குச் சோறு பொங்குகிற வேலையில் சேரும்போது, அடுப்பு இருக்கிற இடத்துக்கு முதலில் நாமும் ஏறியாக வேண்டும் என்பதை யாரும் சொல்வதில்லை.

கீரிப்பாறைக்கு மேலே, ஜீப் போகிற பாதை முடிந்த பிறகும் ஒரு காலைப்பொழுது முழுக்க நடந்தால், கிராம்பு எஸ்டேட் ஒன்றின் பழைய உலர்த்து ஷெட்டு வரும். கிராம்பு காய வைப்பதை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டதால் முதலாளி அதற்குச் சுண்ணாம்பு அடித்து, கட்டில் போட்டு, வெளியூர்க்காரர்கள் ஒரு ராத்திரி தங்கிப்போகட்டும் என்று திறந்துவிட்டார். வாசலில் இங்கிலீஷில் அழகான ஒரு பேர் எழுதியிருந்தது. எங்களுக்கு அது எப்போதும் மேல்ஷெட்டுதான். வழிகாட்டிப் போக செல்லத்துரை அண்ணன், சமைக்க ஸ்டெல்லாவாகிய நான். சுனாமி முடிந்து இரண்டு மூன்று வருஷம் கழித்துச் சேர்ந்தேன். கால்முட்டு தேய்கிற வரைக்கும் அங்கேதான் இருந்தேன்.

சொந்தக்காரர் கூட்டத்தை ஒரு தடவையாவது கன்னியாகுமரிப் பக்கத்து வட்டக்கோட்டைக்குக் கூட்டிப்போய், முழுசாகத் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தா, அந்த வளைவு

ஏற ஆரம்பித்ததும் எல்லாரும் கேட்பது, "இன்னும் எவ்வளவு தூரம்?" செல்லத்துரை அண்ணனிடம் அதற்கு ஒரே பதில்தான் உண்டு: "தா, அந்த வளைவு திரும்பினா வந்தாச்சு." எந்த வளைவு என்று அவர் சொல்லமாட்டார். கையை மட்டும் பொதுவாக மேலே காட்டுவார்.

குழித்துறையிலிருந்து ஒரு கணக்கு வாத்தியார், பள்ளிக்கூட ஆசிரியர்கள் நாலைந்து பேரோடு வந்தார். ஒவ்வொரு வளைவையும் நம்பித் திரும்பினார். நம்பிக்கை போன பிறகும், மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டே வந்தார். ஷெட்டுக்கு வந்ததும் சிமெண்டுத் தரையில் அப்படியே மல்லாந்து படுத்துக்கொண்டு, "அண்ணாச்சி, நாளைக்கு எறங்கும்போதும் இந்தப் பொய்யத்தான் சொல்லுவீரா?" என்று கேட்டார்.

செல்லத்துரை அண்ணன் தோர்த்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "எறங்கும்போது யாரும் கேக்கமாட்டாவ சார், அதனால பொய்யும் வேண்டியிருக்காது."

ரெண்டாம் நம்பர்

நாகர்கோவிலில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவர், மலைக்கு வருகிறோம் என்று ஒரு தலையணை, ஒரு போர்வை, ஒரு பிளாஸ்க், ஒரு சாமி படம் எல்லாம் கொண்டுவந்தார். எல்லாவற்றையும் செல்லத்துரை அண்ணன் தலையில்தான் ஏற்றினார். சாயங்காலம் கட்டிலைத் தட்டிப் பார்த்தார், ஜன்னலைத் தட்டிப் பார்த்தார், பிறகு மேலே அண்ணாந்து பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"ஃபேன் இல்லியா?"

"கரண்டே இல்ல அண்ணாச்சி. குளிருக்கு ஃபேன் என்னத்துக்கு?"

"காத்துக்கு இல்லம்மா. சத்தத்துக்கு. அந்தக் கடகடப்பு இல்லாம கல்யாணத்துக்கு முந்தியும் நான் தூங்கினது இல்ல, பொறவும் தூங்கினது இல்ல."

அவர் மனைவி என்னைப் பார்த்து, எல்லாம் தெரிந்ததுதான் என்பது போலத் தலையாட்டினார். ஷெட்டுக்குப் பின்னால் ஒரு ஓடை இருக்கிறது. மழை பெய்திருந்ததால் நல்ல இரைச்சல். கட்டிலை அந்தப் பக்கத்து ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக் கொடுத்தோம். அதற்கு மேல் எங்களால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை.

காலையில் பாலில்லாத கட்டன்சாயாவோடு போனபோது மனிதர் தெளிவாக உட்கார்ந்திருந்தார். தூங்கினீர்களா என்று கேட்டேன். "நல்ல தூக்கம்மா. ஆனா அந்த ஓடை நாலாம் நம்பர்ல ஓடிச்சி. ரெண்டுல வைக்கலாம்னு எழும்பி கொஞ்ச நேரம் சுவிட்சு தேடினேன்" என்றார்.

மிக்சி சத்தம்

ஷெட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாறை. அதன் உச்சியில் ஏறி நின்றால் மட்டும் செல்போனில் சிக்னல் கிடைக்கும், அதுவும் இரண்டு கோடு. இன்ஜினியரிங் கல்லூரிப் பெண்பிள்ளைகள் ஒரு கூட்டமாக வந்திருந்தபோது, அதில் ஒருத்தி பாறை மேலே என் பக்கத்தில் நின்று வீட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். இரணியலில் தோழி வீட்டில் இருப்பதாகவும், சாப்பிட்டுவிட்டதாகவும், பரீட்சைக்குப் படிப்பதாகவும் சொன்னாள். அப்போது பார்த்து எங்கள் தலைக்கு மேலே ஒரு இருவாச்சி பறந்து போனது. இருவாச்சி பறப்பதைக் கேட்டவர்களுக்குத் தெரியும், சிறகுச் சத்தமே ரயில் போவது மாதிரி இருக்கும். போகிற போக்கில் ஒரு கத்தலும் கத்தியது.

"அது... மிக்சிம்மா. அவங்க அம்மை தேங்கா அரைக்கா" என்றாள் பெண்.

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தவள் முகம் வெளிறி, போனை என்னிடம் நீட்டினாள். "அந்த வீட்டு அம்மையிட்ட குடுக்கச் சொல்லுதாவ. அக்கா, நீங்க தோழிக்க அம்மை மாதிரி பேசுங்க அக்கா." நான் வாங்கிக் காதில் வைத்தேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அந்த அம்மா ஆரம்பித்துவிட்டார்:

"நான் பொறந்து வளந்தது எஸ்டேட் லயத்து வீட்டுல. இருவாச்சிக்கும் மிக்சிக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். நான் ஒண்ணும் அறியாத மாதிரியே இருந்துகிடுதேன். அட்டை கடிச்ச எடத்த அவ சொறியாம பாத்துக்கிடுங்க, அது போதும்."

அட்டை

அட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. துபாயிலிருந்து லீவில் வந்து கல்யாணம் செய்த ஒருவர், புது மனைவியோடு வந்தார். வழி முழுக்க அவளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே வந்தார். உப்பு இருக்கிறது, புகையிலை இருக்கிறது, பயப்படாதே, நான் இருக்கிறேன். ஷெட்டில் வந்து ஷூவைக் கழற்றினால், அவள் காலில் ஒன்றுகூட இல்லை. இவர் காலில் கொத்தாகத் தொங்கின. மனிதர் பெஞ்சில் ஏறி நின்று கத்த ஆரம்பித்துவிட்டார்.

அந்தப் பெண் குனிந்து ஒவ்வொன்றாக உப்பு வைத்து எடுத்தாள். எடுத்து முடித்துவிட்டு, என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "லீவு தீர இன்னும் பத்து நாளுதான் இருக்கு அக்கா, அதுல இதுகளுக்கும் பங்கு குடுக்கணுமா?"

கடல் தெரிகிற பாறை

வானம் தெளிந்த காலையில் ஷெட்டின் தெற்குப் பக்கத்துப் பாறையிலிருந்து கடல் தெரியும். வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துத்தான் முதலில் கத்துவார்கள்.

குளச்சல் பக்கத்திலிருந்து மீன் விற்கிற பெண்கள் ஒரு கூட்டமாக வந்தார்கள். கடற்கரை ஆட்கள், திருவிழாவைத் தவிர வேறு எதற்கும் வீட்டைவிட்டுக் கிளம்பாதவர்கள். ஜீப் வளைவில் ஆளுக்கு ஆள் வாந்தி எடுத்து, ஒருத்தரை ஒருத்தர் கேலி செய்து சிரித்துக்கொண்டே வந்தார்கள். பிலோமினா என்று ஒருத்தி மட்டும் என்னோடு அடுப்படியில் வந்து உட்கார்ந்துகொண்டாள். கேட்காமலே கத்தியை எடுத்து உள்ளி உரித்தாள். அவளுடைய மூத்த பெண்ணைச் சுனாமி கொண்டுபோனது என்று மற்றவர்கள் எனக்குத் தனியாகச் சொன்னார்கள்.

"அது இங்க வரைக்கும் வராது, இல்லியா?" என்று அவள் திடீரென்று கேட்டாள். எது என்று நான் கேட்கவில்லை. வராது என்றேன். சாப்பிட்டதும் மற்றவர்கள் பாட்டும் சிரிப்புமாக இருக்கும்போதே போய்ப் படுத்துவிட்டாள். வீட்டில் ஒரு நாளும் இப்படி நீட்டி நிமிர்ந்து தூங்கமாட்டாள், கூப்பிடாதீர்கள் என்று ஒருத்தி என்னைத் தடுத்தாள்.

காலையில் எல்லாரும் பாறைக்கு ஓடினார்கள். பிலோமினா மட்டும் அடுப்படியில் இருந்தாள். நான் வற்புறுத்தவில்லை. புட்டு வேகிற வரைக்கும் இருந்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவளாகவே எழுந்து போனாள். நானும் பின்னால் போய்ப் பக்கத்தில் நின்றேன். கீழே ரொம்ப தூரத்தில், ஒரு துணியை விரித்துப் போட்ட மாதிரி, அசைவே இல்லாமல் இருந்தது கடல். அவள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "ஒண்ணும் அறியாத பிள்ளை மாதிரி கெடக்கத பாத்தியளா அக்கா."

ஓடை

ஒரு அப்பாவும் மகனும் வந்தார்கள். அப்பா அரசாங்க பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் சுனிலுக்கு ஷார்ஜாவில் வேலை. லீவு முழுக்கக் கல்யாண வீடும் சர்க்கார் ஆபீசுமாக ஓடிவிட்டதாம், அப்பாவோடு உட்கார்ந்து பேசவே இல்லையாம். கடைசியில் ஒரு நாள் மிச்சம் பிடித்துக் கூட்டி வந்திருந்தான். மறுநாள் சாயங்காலம் திருவனந்தபுரத்தில் விமானம். காலையில் இறங்கினால் நேரம் தாராளமாக இருந்தது.

ராத்திரி முழுக்க மழை. ஷெட்டின் ஓடை கீழே சரிந்து பாதையைக் குறுக்கே வெட்டிப்போகிற இடத்தில், முந்தின நாள் முட்டளவுக்குத் தாண்டி வந்த தண்ணீர், காலையில் செம்மண் நிறத்தில் கல்லை உருட்டிக்கொண்டு போனது. தாண்ட முடியாது என்றார் செல்லத்துரை அண்ணன். சுனில் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கியே விட்டான். இரண்டடி வைப்பதற்குள் தண்ணீர் காலை வாரியது. அண்ணன் சட்டையைப் பிடித்து இழுக்காவிட்டால் அவ்வளவுதான். கரையில் விழுந்தவன் எழுந்து எங்களைப் பார்த்துக் கத்தினான். "சொன்ன நாள்ல போவல்லன்னா வேற ஆளப் போட்டிருவான். ஒங்களுக்கு என்ன தெரியும்?" அப்பா திரும்பி ஷெட்டுக்கு நடந்தார், அடுப்படியில் வந்து உட்கார்ந்து என்னோடு மரச்சீனிக் கிழங்கு தோலுரித்தார். தோலோடு சேர்த்துக் கிழங்கையும் பாதி சீவித் தள்ளினார். வேலை போய்விடும் என்ற பயமா, மகன் தண்ணீரில் சாய்ந்ததைப் பார்த்த பயமா, நான் கேட்கவில்லை.

சுனில் பாறைக்கும் ஓடைக்குமாக நடந்துகொண்டே இருந்தான். மழையில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. ஒருத்தன் பிழைப்பு நம் ஷெட்டில் வந்து கெட்டுப்போகிறதே என்று எனக்கும் வருத்தமாக இருந்தது. விமானம் கிளம்புகிற நேரமும் கடந்த பிறகு, நனைந்துபோய் அடுப்படி வாசலில் வந்து நின்றான். "கட்டன் இருக்கா அக்கா?" கிழங்கும் காந்தாரிமிளகாய் இடித்ததும் வைத்தேன். அப்பா தன் பக்கத்தில் பலகையை நகர்த்திப் போட்டார். பெரிதாக ஒன்றும் பேசவில்லை. எந்த ரூட்டில் எந்த வளைவு மோசம், யார் கண்டக்டராக இருந்தால் சண்டை வராது, இவன் சின்னப் பிள்ளையில் பஸ் சாவியை எங்கே ஒளித்து வைத்தான் என்று அப்பா சொல்லச் சொல்ல, அவன் சிரித்தான். பாத்திரம் கழுவி முடித்த பிறகும் இருவரும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் தண்ணீர் இறங்கியது. தாண்டிப் போனார்கள். ஜீப்பில் ஏறும்போது சுனில் தலையை மட்டும் ஆட்டினான். வேலை இருந்ததா போனதா என்று தெரியாமல் எனக்குப் பல நாள் மனசு சரியில்லை. செல்லத்துரை அண்ணனிடம் கேட்டால், அவரும் பேச்சை மாற்றிவிடுவார். பிறகு ஒருநாள் பாறையில் நின்று வீட்டுக்குப் பேசிவிட்டு இறங்கப் போனபோது, வெளிநாட்டு நம்பரில் போன் வந்தது. சுனில்தான். மேனேஜர் திட்டினாராம், அடுத்த லீவில் நாளைக் குறைப்பேன் என்றாராம், ஆனால் வேலையில் வைத்துக்கொண்டாராம். நான் மூச்சு விடுவதற்குள் அவனே கேட்டான்:

"அப்பாவ அடுத்த லீவுலயும் கூட்டிட்டு வாறேன் அக்கா. ஜூலையில வந்தா அந்த ஓடை நெறஞ்சி வழிய மறிக்க வாய்ப்பு இருக்கா?"

மலைமேல் ஒரு ராத்திரி தங்க வருகிறவர்கள் வீட்டைப் பூட்டிச் சாவியை மட்டும் எடுத்து வருவதாகத்தான் நினைக்கிறார்கள், ஆனால் வீட்டையே தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்பது, வழியில் அதற்கு ஒரு கை கொடுத்துச் சுமந்த எனக்கும் செல்லத்துரை அண்ணனுக்கும்தான் தெரியும்.