எதிர்வீட்டில் இருக்கும் என் சோபா

எங்கள் தெருவில் ரேணுகாம்பாளைப் போல வீம்பு பிடித்தவள் கிடையாது. செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் சாப்பிடுகிற கஃபே ஒன்றில் அவளுக்குச் சமையல் வேலை. புருஷன் முருகவேல் வாடகை ஆட்டோ ஓட்டுகிறார். எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே ஒற்றை அறையில் குடித்தனம். ஆனால் யார் வந்தாலும் வெறும் வயிற்றோடு அனுப்ப மாட்டாள். பௌர்ணமி கிரிவலத்துக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து சொந்தபந்தம் கூட்டமாக வந்து இறங்கினாலும் சிரித்த முகம்தான். அரிசி மட்டும் என் வீட்டிலிருந்து போகும்.

அவள் மகள் ஆர்த்திக்கு நர்சிங் படிக்க சீட் கிடைத்தது. சின்ன வயதிலிருந்தே அந்தப் பெண்ணுக்கு அதுதான் ஆசை. ஃபீஸோ முருகவேலின் ஆட்டோ வருமானத்துக்கு எட்டாத தொகை. ஏழைப் பிள்ளைகளின் படிப்புச் செலவை ஓர் அறக்கட்டளை முழுதாக ஏற்கிறது என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தார்கள். என் மகள் வினோதினிக்கும் அதே படிப்பு என்பதால் நாங்களும் போட்டு வைத்தோம். எங்கள் வீட்டுக்காரர் லாட்ஜில் கணக்கு எழுதுகிறார். சம்பளம் கம்மிதான், ஆனாலும் அவர்களைவிடத் தேவலை. எங்களுக்கு எங்கே கிடைக்கப்போகிறது என்றுதான் இருந்தேன்.

ஒருநாள் ரேணுகா ஓடி வந்தாள்.

"அக்கா, நாளைக்கு வீட்டைப் பாக்க வர்றாங்களாம். உங்க சோபா, டிவி, ஃபேன் எல்லாம் குடுங்க. அந்த வெள்ளி டம்ளரும் வேணும்."

"அடிப்பாவி! நீ ஏழையா இல்லையான்னு பாக்கத்தானேடி வர்றாங்க!"

"அதுக்காக வர்றவங்களைத் தரையிலயா உக்கார வெப்பாங்க? மானம் போயிடுங்க்கா."

தலையில் அடித்துக்கொண்டு கொடுத்தேன். எங்கள் வீட்டுக்கு வேறொரு நாள்தான் வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

வந்தவர் பெயர் ராமகிருஷ்ணன். என் சோபாவில் சாய்ந்து, என் ஃபேன் காற்றில், மெதுவடையும் பாயசமுமாக வெளுத்து வாங்கினார். ஆர்த்தி, வினோதினியின் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பரிமாறுவதுபோல் பரிமாறினாள். மனிதர் ஏப்பம் விட்டுவிட்டு, "எதிர் வீடுதானே, அதையும் இன்னிக்கே முடிச்சிடலாம்" என்று நேராக எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டார்.

கூடம் துடைத்து வைத்தாற்போல் கிடந்தது. பாயை விரித்தேன்.

"வீட்ல சாமான் ஒண்ணும் இல்லீங்களாம்மா?"

"இருந்துது சார். எல்லாம் எதிர் வீட்ல இருக்குது."

அவர் திரும்பி எதிர்வீட்டைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"கடனுக்கு எடுத்துக்கிட்டாங்களா?"

"ஐயோ, இல்லீங்க சார், நானாத்தான்..."

"வேணாம்மா. புரியுது."

வினோதினிக்குக் கிடைத்துவிட்டது. ஆர்த்திக்கு இல்லை. வட்டிக்கு விடுகிற வசதியான குடும்பமாம்! பத்திக்கொண்டு வந்தது எனக்கு. அந்த ஆபீசுக்கே போய் நடந்ததையெல்லாம் கொட்டினேன். என் பெண்ணுக்கு வேண்டாம், அவளுக்குக் கொடுங்கள் என்று கெஞ்சினேன்.

ராமகிருஷ்ணன் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. "கடன் குடுத்தவங்களுக்காகவே வந்து பேசுறீங்களே, இந்த மனசு யாருக்கும்மா வரும்?" என்று சொல்லி, வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

நர்சிங் சீட்டை விட்டுவிட்டு ஆர்த்தி அரசுக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தாள். எனக்கு ரேணுகா முகத்தில் விழிக்கவே கூச்சமாக இருந்தது. சாமான்களைத் திருப்பிக் கேட்கவும் வாய் வரவில்லை. கடைசியில் அவளே கூப்பிட்டு அனுப்பினாள். போனேன். என்னைச் சோபாவில் உட்கார வைத்தாள். ஆர்த்தி தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

"இதை இப்ப எடுத்துக்கினு போயிடாதீங்க்கா. வருசா வருசம் வந்து பாப்பாங்களாம். நம்ம வினோதினி படிப்பு முடியட்டும், எல்லாம் இங்கியே இருக்கட்டும்."

எனக்குப் பொங்கிக்கொண்டு அழுகை வந்துவிட்டது.

"அழாம குடிங்க்கா, ஆறிடப் போவுது" என்று என் வெள்ளி டம்ளரில் எனக்குக் காபி கொடுத்தாள்.