ஒத்த வூடு ஸ்டாப்பிங்

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தாம்பரத்திலிருந்து வேளச்சேரி சாலையில் நடந்துகொண்டிருந்தேன். போன வருஷம் ஐப்பசி மாதம். அன்று காலைதான் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஆளைக் குறைத்திருந்தார்கள். எனக்கு அது பழகிய விஷயம்.

மழை பிடித்துக்கொள்ளவே ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். பள்ளிக்கரணை தாண்டியதும், "ஒத்த வூடுலாம் எறங்கு" என்றார் ஓட்டுநர். அந்தப் பெயருக்காகவே இறங்கினேன். பார்த்தால் சுற்றிலும் அடுக்குமாடிகள். இதில் ஒற்றை வீடு எது?

அங்கிருந்த குடியிருப்பு நகரின் நுழைவாயிலில் ஒரு பெரிய பலகை. 'நம் நகரின் முன்னோடிகள்' என்று தலைப்பு மட்டும் எழுதியிருந்தது. நலச்சங்கத் தலைவரான சார் ஒருவர் பெயர்ப் பட்டியலோடு நின்றார். எழுத வந்தவர் மழையைப் பார்த்துப் போய்விட்டாராம். லாரிகளுக்குப் பெயர் எழுதியிருக்கிறேன் என்றேன். காலையில் வரச் சொன்னார்.

"ஒத்த வூடு எது சார்?"

"நம்ம வீடுதான்பா. லிஸ்ட்ல ஃபர்ஸ்ட் பேரு." மூன்றாவது தெருவைக் காட்டினார்.

"அப்ப ஸ்டாப்பிங் ஏன் சார் இங்க கீது?"

விளையாட்டாகத்தான் கேட்டேன். பக்கத்துத் தள்ளுவண்டியில் இட்லி எடுத்துக்கொண்டிருந்த அக்கா சிரித்தார்.

"நல்லா கேளுண்ணா. இதே எடத்துல தகர ஷெட்டு போட்டுகினு நானும் எம் புருசனும் காவலுக்கு இருந்தோம். சுத்தி தண்ணி, பாம்பு. பஸ்காரன் எங்க வெளக்கப் பாத்துதான் நிறுத்துவான். அதாண்ணா ஒத்த வூடு."

சாரின் முகம் மாறியது. வாயைக் கொடுத்து வேலையைக் கெடுத்துக்கொண்டோம் என்று நினைத்தேன்.

"இது மனைப் பத்திரப்படி போட்ட லிஸ்டும்மா" என்றார்.

"ஒங்க பத்திரத்துல எம் பேரு இல்லதான் சார். நீங்க எறக்குன கம்பி, சிமெண்டுலாம் பத்திரமா இருந்துச்சா இல்லியா, அதச் சொல்லுங்க."

சாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பட்டியலையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார்; தலைப்புக்குக் கீழே இன்னொரு வரி சேர்க்க இடம் போதாது. "தலைப்ப அழிச்சிட்டு மேல ஏத்த முடியுமாப்பா?" என்று என்னைக் கேட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஏணியில் ஏறினேன். தலைப்பை மேலே ஏற்றி, முதல் வரியில் அக்காவின் பெயரையும் அவர் கணவர் பெயரையும் எழுதினேன். அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது, நானோ ஏழாவதோடு நின்றவன். எழுத்துக்கூட்டி இரண்டு முறை சரிபார்த்தேன். இப்போதும் எந்த ஊரில் எந்த வேலைக்குப் போனாலும், அங்கே முதலில் உலை வைத்தது யார் என்று கேட்காமல் என்னால் பையை இறக்கி வைக்க முடிவதில்லை.