மாலை ஐந்து மணிச் சுவர்

கியெம் அண்ணன் தையல் மிஷின் பழுது பார்ப்பவர். ஆண்டுக்கொரு தடவை, மழைக்கு முன்னால், ஹனோயிலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி எங்கள் ஊரான ஹோய் ஆனுக்கு வருவார். பழைய கட்டடங்களைப் படம் எடுக்கத்தான் அத்தனை பாடும்.

என் காப்பிக்கடையை ஒட்டிய சுவர் என்றால் அவருக்கு உயிர். மூன்று மணிக்கே வந்து உட்கார்ந்துவிடுவார். வெளிறிய மஞ்சளாக இருக்கும் சுவர், ஐந்து மணி வெயிலில் மாம்பழ நிறமாகும். பத்தே நிமிடத்தில் செங்கல் நிறத்துக்குப் போய்விடும். அந்த நேரம் பார்த்து யாராவது சைக்கிளில் குறுக்கே போனால் எனக்குத்தான் கோபம் வரும். அவர் பொறுமையாகக் காத்திருப்பார்.

போன வருஷம் எனக்குப் பொறுக்கவில்லை. "சுவரையே எடுத்துக்கிட்டிருந்தா எப்படிண்ணே? எங்களோட வந்து நில்லுங்க!" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

என் கணவர் விங் பதறிப்போனார். "அடியே, மூணு பேரு ஒரே படத்துல நிக்கலாமா? நடுவுல நிக்கிறவங்க முதல்ல போயிடுவாங்கடி!"

"அதுக்கென்ன? அடுத்த வருஷம் அண்ணியையும் கூட்டிட்டு வரட்டும். நாலு பேரா நிப்போம்."

அண்ணன் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்று அவர் தங்கும் விடுதிக்காரி பிறகுதான் சொன்னாள். என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

இந்த வருஷம் ஒருநாள் காலை ஏழு மணிக்குக் கடை திறக்க வந்தேன். அண்ணன் படமெடுத்து முடித்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னைக் கண்டதும் வேகமாகத் தெருமுனையில் திரும்பினார்.

காலையில் அந்தச் சுவரில் வெயிலே விழாது.